கச்சான் வந்திட்டார்

லண்டனின் தெற்குக் கோடியில், மோர்டன் ஸ்டேஷனைத் தாண்டி வடக்கே நடந்துகொண்டிருந்தபோது, பின்னால் யாரோ ஒரு காலை இழுத்து இழுத்து வரும் சத்தம் கேட்டது. நின்று திரும்பினேன். ஒரு வெள்ளைக்காரக் கிழவர், சில்லு உடைந்த சாமான் பையை நடைபாதையில் உரசிக்கொண்டு வந்தார். வழி விட்டேன். நன்றி சொல்லிவிட்டு ஒரு சந்தில் திரும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகும் அந்தச் சத்தம் எனக்குக் கொஞ்ச தூரம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

ரயிலில் போயிருக்கலாம். ஆனால் ஏச்சு வாங்கிக்கொண்டு ஒரு இடத்தைவிட்டு வெளியே வரும்போது எனக்கு நடக்கத்தான் வரும். எட்டாம் வகுப்பை விட்டு அப்படித்தான் நடந்து போனேன். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் பார்சல் பிரிக்கும் வேலையிலிருந்தும், அதற்கு முன் ஒரு கோழிக்கடையிலிருந்தும், அதற்கு முன் பெற்றோல் ஷெட்டிலிருந்தும் அப்படித்தான். இந்த நகரத்தின் அரைவாசியை நான் வேலையை விட்ட நாட்களில்தான் பார்த்திருக்கிறேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மோர்டனில் ஒரு வீட்டில் கண் மங்கிய ஒரு அம்மா இருந்தார். அவருடைய மகன் செத்துப்போனான், என் கண்ணால் கண்டேன் என்று சொல்வதற்காகத்தான் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த மகனை நான் ஒருநாளும் கண்டதில்லை. அவன்தான் என்று நான் அடையாளம் சொல்லப் போன ஆளோ, பிறந்தே இராத ஒரு ஆள். அந்த ஆளை உண்டாக்கியவர்களில் நானும் ஒருவன்.

இது விளங்கவேண்டுமானால் முதலில் தீவைச் சொல்லவேண்டும்.

சின்ன வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடி, தெற்கே ஒரு சிங்கள ஊரில் பேக்கரியில் மா பிசைந்தேன். அங்கே படுத்து எழும்பியதில் சிங்களம் தானாக வந்தது. நாடு கெட்டுப்போய் வடக்கே திரும்பி வந்தபோது, இயக்கத்துப் பெடியள் என்னை மறித்து, "சிங்களம் எவ்வளவு தெரியும்?" என்று கேட்டார்கள். ஏச்சுக்கூட விளங்கும் என்றேன். அவர்களுக்கு அது போதும். எனக்குத் துவக்குத் தரவில்லை. ஒரு ஹெட்போனைத் தந்து, படகில் ஏற்றி, ஒரு தீவில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

தீவு என்பது பெரிய சொல். ஒரு பீடி முடியுமுன் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்விடலாம். தாழம்பற்றை, காய்க்காத சில தென்னைகள், வெள்ளைக்காரன் காலத்து விளக்குக் கோபுரத்தின் அடிப்பாகம். கிணறு இருந்தது, தண்ணீர் உப்பு. குடிதண்ணீரைக் கான்களில் ஒரு படகு கொண்டுவந்தது. இன்னொரு படகு மீன் தரும். மூன்றாவது படகு அரிசி, மண்ணெண்ணெய். இந்த மூன்று படகுக்காரர்களைத் தவிர வேறு மனித முகம் கிடையாது. நாங்கள் ஐந்து பேர். பொறுப்பாளர், வோக்கியில் கரையோடு கதைக்கும் ஒரு பகிடிக்காரன், சென்றி என்று காவல் நிற்கும் இரண்டு பேர், நான். என் வேலை கேட்பது. கடற்படைக்காரர்கள் தங்களுக்குள் கதைப்பதைக் காலையிலிருந்து இருட்டும்வரை கேட்டு, பொறுப்பாளருக்குத் தமிழில் சொல்லவேண்டும். பெரும்பாலும் சாப்பாட்டையும் லீவையும் பற்றித்தான் கதைப்பார்கள்.

எங்கள் ஆட்களின் படகுகள் போகும் பாதை அப்போது அடிக்கடி காட்டிக்கொடுக்கப்பட்டது. மூன்று படகுக்காரர்களில் ஒருவர் கதை கொண்டுபோகிறார் என்று பொறுப்பாளருக்குச் சந்தேகம். யார் என்று பிடிக்க வழி இல்லை. அந்த வழியைப் பகிடிக்காரன் தற்செயலாகத் திறந்துவிட்டான்.

ஒவ்வொரு நாளும் காலையில் அவன் கரைக்குக் காற்றைச் சொல்லவேண்டும். வாடையா, சோளகமா, கடல் எப்படி, படகு ஓடலாமா என்று. அன்று மேற்கிலிருந்து கச்சான் தொடங்கியிருந்தது. கச்சான் வீசினால் மணல் கண்ணைத் திறக்கவிடாது, தோல் காயும், தண்ணீர்ப் படகும் வராது. எல்லோருக்கும் எரிச்சல். பகிடிக்காரன் வோக்கியை எடுத்து, வீட்டுக்கு வந்த சம்பந்தியைப் பற்றிச் சொல்வதுபோல, "கச்சான் வந்திட்டார். வந்து குந்திட்டார். இனி லேசில போகமாட்டார்" என்றான்.

அன்று பின்னேரம் ஹெட்போனில் ஒரு சிங்களக் குரல் கேட்டது. தீவுக்குக் கச்சான் என்று ஒரு லொக்கா வந்திருக்கிறான், ஆள் யார் என்று விசாரிக்கும்படி சொல்லியது. லொக்கா என்றால் பெரிய ஆள்.

நான் சொன்னதும் பெடியள் மணலில் விழுந்து சிரித்தார்கள். கச்சான் என்றால் காற்று என்று சிங்கள மீனவர்களுக்கும் தெரியும்; அவர்களும் அதே சொல்லைத்தான் பாவிக்கிறார்கள். ஆனால் எங்கள் பேச்சைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தவர் தமிழைப் பாடமாகப் படித்தவர் போலிருக்கிறது. 'ஆர்' என்று முடிந்தால் மரியாதைக்குரிய மனிதன் என்று அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். காற்றுக்கு மரியாதை கொடுக்கும் விசரர்களும் இருப்பார்கள் என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

"தேடி வந்தாங்கள் எண்டால் ஒரு பைக்கற்றைக் கையில குடுத்து விடுவம். வறுத்த கச்சான் எண்டு" என்றான் பகிடிக்காரன். எங்கள் பக்கம் நிலக்கடலைக்கும் கச்சான் என்றுதான் பேர்.

பொறுப்பாளர் மட்டும் சிரிக்கவில்லை. "அவர் இருக்கட்டும். அனுப்பிப் போடாதேங்கோ" என்றார்.

அடுத்த நாளிலிருந்து கச்சான் எங்களோடு இருந்தார். படகுகள் வரும்போது ஆறாவதாக ஒரு சாப்பாட்டுக் கோப்பை கழுவி வைக்கப்பட்டிருக்கும். கொடியில் யாருக்கும் அளவில்லாத ஒரு நீலச் சாரம் காயும். பொறுப்பாளர் மீன்காரரிடம், "எங்கடை புது ஆள் மீன் தொடமாட்டார், மணமே பிடியாது" என்று அலுத்துக்கொண்டார். அரிசி கொண்டுவந்தவரிடம், அவர் ஒரு காலத்தில் வாத்தியாராக இருந்தவர் என்றார். தண்ணீர்க்காரரிடம், கான்களை இறக்கிக்கொண்டே, "அவர் வந்து தூக்கமாட்டார் அண்ணை, இடது கால் இழுவை" என்றார். மூன்று பேருக்கும் மூன்று கதை. எந்தக் கதை ஹெட்போனில் திரும்பி வருகிறதோ, அந்தக் கதைக்குரிய ஆள்தான் காட்டிக்கொடுப்பவர்.

இழுவைக் காலுக்குத் தடம் வேண்டுமே. ஒவ்வொரு பின்னேரமும் பகிடிக்காரன் மேற்குக் கரையில் இடது காலை இழுத்தபடி நடந்துவிட்டு வருவான். மேலே பறக்கும் வண்டும் படம் எடுக்கட்டும் என்று பொறுப்பாளர் சொல்லியிருந்தார். ஆளில்லாமல் பறந்து வேவு பார்க்கும் விமானத்தை நாங்கள் வண்டு என்போம்.

கச்சான் காலம் முற்றிக்கொண்டு வந்தபோது பகிடிக்காரனுக்குக் காய்ச்சல் பிடித்தது. கோபுரத்தின் அடியில் பாயில் கிடந்து நடுங்கினான். ஒன்றுக்குப் போகவே இரண்டு பேர் பிடிக்கவேண்டும். அந்த நாட்களிலும் மேற்குக் கரையில் தடம் இருந்தது. காற்று ஒவ்வொரு நாளும் மணலை மூடிவிடும். ஆகவே பழைய தடம் இல்லை. சென்றிப் பெடியனிடம் கேட்டேன். தான் இல்லை, நான்தான் நடக்கிறேன் என்று நினைத்ததாகச் சொன்னான். மற்றவன் பொறுப்பாளர் என்று நினைத்திருந்தான். பொறுப்பாளர், "ஆரோ தன்ரை வேலையைச் செய்யிறான், விடுங்கோ" என்றார். அவர் தன்னைச் சொல்கிறாரா என்று நாங்கள் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்த ஆறாவது கோப்பையை யாரும் தங்களுக்கு எடுக்கவில்லை. கச்சானுக்கென்று அதில் வைத்த சோறு காலையில் இருக்காது; நண்டுகளுக்குப் போயிருக்கும். போயிருக்கும் என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன்.

பிறகு ஒரு மத்தியானம். வெயிலும் காற்றும் சேர்ந்து கடல் வெள்ளையாகத் தெரிந்தது. நாங்கள் ஐந்து பேரும் கோபுரத்து நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்; பகிடிக்காரன் அன்றுதான் எழும்பி உட்கார்ந்து கஞ்சி குடித்தான். வோக்கி நடுவில் கிடந்தது. எங்கள் அலைவரிசையில் திடீரென்று ஒரு குரல் வந்தது. பள்ளிக்கூடத்துப் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பதுபோல, ஒவ்வொரு சொல்லாக.

"கச்சான் அவர்களே. நாங்கள் கச்சான் அவர்களுடன் பேச விரும்புகின்றோம்."

பகிடிக்காரன் கஞ்சியைப் புரையேற்றிக்கொண்டான். பொறுப்பாளர் கையை உயர்த்தி, அசையவேண்டாம் என்று காட்டினார். ஒருவரும் வோக்கியைத் தொடவில்லை.

"ஓம். சொல்லுங்கோ" என்று வோக்கி சொன்னது.

மெல்லிய குரல். நித்திரையிலிருந்து எழும்பிய ஆளுடையது போல. பின்னால் காற்று இரைந்தது. எங்களைச் சுற்றி எப்படி இரைந்ததோ அதே மாதிரி.

அதற்கு மேல் இரண்டு பக்கமும் ஒன்றும் கதைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கரையிலிருந்து எங்கள் ஆட்கள் கூப்பிட்டு, "ஆர் அதில கதைச்சது?" என்று கேட்டார்கள். "நீங்கள் இல்லையோ?" என்றார் பொறுப்பாளர். அவர்கள் இல்லை. வேறு எங்காவது முகாமிலிருந்து யாராவது பகிடிக்குப் பதில் சொல்லியிருக்கலாம் என்று முடிவு செய்தோம். அப்படி முடிவு செய்யாமல் அந்தத் தீவில் படுக்க முடியாது.

அந்தக் கிழமையே ஹெட்போனில், கச்சான் என்ற அந்த இடது கால் நொண்டி என்று ஒருவன் சொல்லக் கேட்டேன். பொறுப்பாளரிடம் சொன்னேன். கேட்டதைச் சொல்வதுதான் என் வேலை. அடுத்த முறை தண்ணீர்ப் படகில் வேறு ஒருவர் வந்தார். பழைய ஆள் எங்கே என்று சென்றிப் பெடியன் கேட்டதற்கு, எந்தப் பழைய ஆள் என்று அவர் திருப்பிக் கேட்டார். காற்று மாறுமுன் எங்களையும் தீவிலிருந்து எடுத்துவிட்டார்கள். மற்ற நான்கு பேரையும் நான் பிறகு காணவில்லை.

இதையெல்லாம் நான் லண்டனில் யாரிடமும் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஆர்ச்வே கோயிலில் சாப்பிட்டுவிட்டு, சாப்பிட்டதற்காகப் பாத்திரம் கழுவுவேன். போன வெள்ளி, கை முழுக்கச் சவர்க்காரத்தோடு நின்றபோது, ஒரு பெண் பக்கத்தில் வந்தார். நாற்பதைத் தாண்டியவர், வேலைக்குப் போகும் உடுப்பு.

"அண்ணை, நீங்கள் தானே அந்தத் தீவில இருந்தனீங்கள்? கச்சானோட?"

கோப்பை கையிலிருந்து வழுக்கியது.

அவருடைய அண்ணன் சண்டைக் காலத்தில் காணாமல் போனவர். தேடித் திரிந்ததில் பார்க்கிங்கில் ஒருவர் சொன்னாராம், உங்கள் அண்ணன்தான் கச்சான் என்று அந்தத் தீவில் இருந்தவர் என்று. இன்னொருவர் கச்சானோடு ஒரே முகாமில் இருந்தாராம். அந்தத் தீவில் சிங்களம் கேட்ட ஆள் வெள்ளிக்கிழமைகளில் இங்கே பாத்திரம் கழுவுகிறான் என்று சொன்னதும் அவர்தானாம். கச்சான் அமைதியான ஆளாம், கால் இழுவையாம், மீன் தொடமாட்டாராம்.

"அண்ணைக்கும் கால் ஏலாது. அதுதான் அவரெண்டு சொல்லுறன்" என்றார்.

மீன்காரரிடம் பொறுப்பாளர் சொன்ன பொய் கடல் தாண்டி, முகாம்கள் தாண்டி, பார்க்கிங்வரை வந்துவிட்டது. நான் பாத்திரங்களை அப்படியே விட்டுவிட்டு அவரோடு வெளியே போய், கோயில் படியில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். கச்சான் ஒரு காற்று. நாங்கள் அதை ஆளாக்கினோம். அப்படி ஒருவர் இல்லை.

அவர் அழுவார் என்று நினைத்தேன். அவர் கணக்கப்பிள்ளை மாதிரி யோசித்தார்.

"இல்லாத ஆள் எண்டால், அவர் செத்துப்போனார் எண்டு சொல்லுறதில என்ன பிழை அண்ணை? ஒருத்தரையும் சாக்கொல்லேல்லையே."

பிறகு விஷயத்தைச் சொன்னார். தாய் மோர்டனில் தனியாக இருக்கிறார். வீடு ஈரம் ஊறியது. படியில் விழுந்து எழும்பியிருக்கிறார், இன்னொரு முறை விழுந்தால் எழும்பமாட்டார். பார்க்கிங்கில் மகளுக்குப் பக்கத்துத் தெருவில், படி இல்லாத ஒரு பிளாட் தருவதாகக் கவுன்சில் சொல்லியிருக்கிறது. திங்கட்கிழமை பதில் சொல்லாவிட்டால் அது வேறு யாருக்கோ போய்விடும். தாய் அசையமாட்டேன் என்கிறார். காணாமல் போனவர்களைத் தேடும் இடங்களுக்கெல்லாம் மோர்டன் விலாசத்தைத்தான் கொடுத்திருக்கிறார். மகன் வந்தால் அந்தக் கதவுக்குத்தான் வருவான்.

"செத்திட்டான் எண்டு அவவுக்கு ஒரு ஆள் சொல்லவேணும். கண்ட ஆள். கேள்விப்பட்ட ஆளில்லை. சொன்னால் அழுதுபோட்டு வந்திடுவா. சொல்லாட்டில் அந்தப் படியிலதான் சாவா. நீங்கள் சொல்லுவியளோ?"

ஓம் என்றேன். அப்போது எனக்கு அது பிழையாகத் தெரியவில்லை.

ஞாயிறு பின்னேரம் போனோம். முன்கதவு பூட்டப்படவில்லை, தள்ளியதும் திறந்தது. எந்த நேரமும் அப்படித்தானாம். அம்மா ஜன்னலோரம் கதிரையில் இருந்தார். மெலிந்தவர், குரல் மட்டும் பலம். சுவரில் மகனுடைய படம், நெஞ்சுவரை. மாலை இல்லை. படத்தில் இருந்த பெடியனை நான் வடிவாகப் பார்த்தேன். தெரியாத முகம். அதுவே எனக்கு ஆறுதலாக இருந்தது.

"எந்த ஊர் தம்பி? ஆற்றை பிள்ளை?"

சொன்னேன். எங்கள் ஊரில் ஒரு சந்தியையும், அங்கே இருந்த கடைக்காரரின் கெட்ட வாயையும் அவர் நினைவு வைத்திருந்தார். சிரித்தோம். மகள் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். பிறகு நான், நாங்கள் பேசி வைத்தபடி சொன்னேன். கடலிலிருந்து ஷெல் வந்தது. உடனே முடிந்தது. நோவு தெரிந்திருக்காது. தாழம்பற்றைக்குப் பக்கத்தில் மணலில் வைத்தோம்.

அம்மா அழவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, என் குரல் வந்த பக்கமாகத் தலையைத் திருப்பினார்.

"அவனை என்னெண்டு கூப்பிடுறனீங்கள்?"

"கச்சான் எண்டு."

"கச்சான் எண்டால் அவனுக்கு உயிர். பள்ளிக்கூடத்தால வந்தால் காச்சட்டைப் பொக்கற் முழுக்கக் கோதுதான். தோய்க்கேக்கை எனக்கு விசர் வரும்." மகளைப் பார்த்து, "என்னடி?" என்றார்.

"ஓம் அம்மா" என்றார் மகள்.

"மீன் திண்டவனோ அங்கை? கடலுக்கை இருந்துகொண்டு?"

"இல்லை அம்மா. தொடமாட்டார். மணமே பிடியாது."

"ஓம். முள்ளுக் குத்தின நாளிலயிருந்து அவன் மீன் தொடமாட்டான்" என்றார்.

பொறுப்பாளர் மீன்காரருக்காக வாய்க்கு வந்ததைச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அது எப்படி இந்த அம்மாவின் பிள்ளைக்குச் சரியாக வந்தது? மகளின் கண் எனக்கு, விடாதே, சொல்லு என்றது.

"கால் என்ன மாதிரி இருந்தது? கனக்க இழுத்தவனோ?"

"ஓம் அம்மா. மணலில நடக்கக் கஷ்டப்பட்டவர்."

"எந்தக் கால் தம்பி?"

"இடது."

"வடிவா யோசிச்சுச் சொல்லு."

"இடதுதான் அம்மா. எனக்குத் தெரியும்."

அவருடைய முகம் மெதுவாக மலர்ந்தது. லண்டனில் நான் கண்ட முகங்களில் இவ்வளவு சந்தோஷமாக ஒன்றைக் கண்டதில்லை.

"அப்ப அது என்ரை பிள்ளை இல்லை" என்றார்.

"அம்மா..." என்று மகள் தொடங்கினார்.

"நீ சும்மா இரடி. கிணத்துக் கட்டால விழுந்து முறிச்சது வலது கால். நான்தானே தூக்கிக்கொண்டு ஓடினனான்? இந்தத் தம்பி பொய் சொல்லேல்லை. கண்டதைச் சொல்லுது. அது வேறை ஆரோ பெத்த பிள்ளை, பாவம்." பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தப் பிள்ளைக்கு ஆரும் செய்யவேண்டியதைச் செய்தவையோ? அந்தியேட்டி, ஒண்டும் இல்லையோ? தாய் தேப்பன் தெரியாதோ? அப்ப நான் கோயிலில சொல்லி ஒண்டு செய்விக்கிறன். பேர் தெரியாட்டில் என்ன, கச்சான் எண்டு சொல்லட்டும்" என்றார்.

நான் எழும்பிவிட்டேன். காற்றுக்கு அந்தியேட்டி செய்யப்போகிற ஒரு அம்மாவுக்கு முன்னால் இருக்க எனக்குத் தைரியம் காணாது.

மகள் கேற்வரை என் பின்னால் வந்தார்.

"ஏன் இடது எண்டு சொன்னனீங்கள்?"

"எனக்குத் தெரிஞ்சது அதுதான். நீங்கள் வலது எண்டு சொல்லேல்லையே."

"நீங்கள் கேக்கேல்லையே! கால் எண்டால் கால்! ஒரு பொய்யைக்கூட ஒழுங்காச் சொல்லமாட்டியளோ? அந்தத் தீவில அதுதானே உங்கடை வேலை!"

அவர் சொன்னது சரி. ஒரு தீவு முழுக்க அந்தப் பொய்யைப் பாதுகாத்திருக்கிறோம். இடது என்பதில் ஒரு எழுத்துப் பிழைக்காமல். அதனால்தான் எல்லாம் பிழைத்துப்போனது.

"அவ நாளைக்கு ஏலாது எண்டுதான் சொல்லப்போறா. இனி என்ன நடந்தாலும் நான்தான் வந்து பார்க்கவேணும். போங்கோ அண்ணை" என்றார்.

போனேன். அப்படித்தான் மோர்டனிலிருந்து வடக்கே நடக்கத் தொடங்கினேன்.

சவுத் விம்பிள்டன் தாண்டி, கொலியர்ஸ் வூட் தாண்டி, டூட்டிங் வந்தபோது தெரு விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. மீன் கடைகளைக் கழுவி, தண்ணீரை நடைபாதையில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஈர நடைபாதையில் ஆட்களின் சப்பாத்துத் தடங்கள் பதிந்து பதிந்து மறைந்தன. அதைப் பார்த்தபடி நின்றபோதுதான் எனக்கு அது தோன்றியது.

பகிடிக்காரன் காய்ச்சலில் கிடந்த நாட்களில் மேற்குக் கரையில் கண்ட தடம். ஒரு பக்கம் முழுப் பாதம், மற்றப் பக்கம் மணலில் கோடு. அதை நான் பல முறை பார்த்தேன். கோடு எந்தப் பக்கம்?

இடது என்று நினைத்துக்கொண்டுதான் பார்த்தேன். இடது என்று நினைத்தபடியால் பார்க்கவேயில்லை. கண்ணை மூடி அந்தக் கரையைக் கொண்டுவந்தேன்: கடல் இந்தப் பக்கம், பற்றை அந்தப் பக்கம், தடம் வடக்கே போகிறது. கோடு ஒருமுறை கடல் பக்கம் வந்தது, ஒருமுறை பற்றைப் பக்கம் வந்தது. மீன்கடைப் பெடியன், "அண்ணை, கொஞ்சம் தள்ளுங்கோ" என்று தும்புத்தடியால் என் காலில் தட்டினான்.

"ஓம். சொல்லுங்கோ" என்ற அந்தக் குரலையும் நினைத்துப் பார்த்தேன். எங்களுக்குத் தெரியாமல், காலை இழுத்துக்கொண்டு, அந்தச் சின்னத் தீவில் ஒருவன் இருந்திருக்க முடியாது. ஒளிக்க இடமில்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. அல்லது பொறுப்பாளர் எங்களுக்கும் சொல்லாமல் ஒருவனைக் கொண்டுவந்து வைத்திருந்தால்? அவருடைய வேலையே அதுதானே, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கதை. எங்கள் நான்கு பேருக்கும் ஒரு கதை என்றால்? அல்லது எங்கோ ஒரு முகாமில், கால் ஏலாத ஒரு பெடியன் கச்சானைப் பற்றிக் கேள்விப்பட்டு, அந்தப் பெயர் தனக்குப் பொருந்துகிறது என்று எடுத்துக்கொண்டானா? இதை அந்த வீட்டில் சொல்லவும் முடியாது. சொன்னால் அந்த அம்மா கதவுக்கு இன்னும் கிட்டக் கதிரையைப் போட்டுக்கொள்வார்.

டூட்டிங்கில் எனக்குத் தெரிந்த ஒருவரின் கடைக்குப் பின்னால் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் இடம் இருந்தது. அங்கே படுத்தேன். நித்திரை நன்றாகவே வந்தது. எனக்கு எங்கேயும் வரும்.

காலையில் கடைக்காரர் தட்டி எழுப்பி, போன் அடித்துக்கொண்டிருக்கிறது என்றார். மகள்தான்.

"அம்மா கவுன்சில் ஆளுக்குப் போன் பண்ணி, வேண்டாம் எண்டு தானே சொல்லிப்போட்டா. விடியவே. எனக்குச் சொல்லவும் இல்லை."

நான் போனோடு கடை வாசலுக்கு வந்தேன்.

"எனக்கு ஒவ்வொரு நாளும் பார்க்கிங்கால வர ஏலாது. முந்தி அவவைப் பாத்துக்கொள்ள வந்த பெம்பிளையள் எல்லாரையும் அவ கலைச்சுப்போட்டா. கதவைப் பூட்டுகினம் எண்டு சண்டை. இப்ப உங்களை வரட்டாம்."

"என்னையோ?"

"உங்களைத்தான். பிழையான ஆளைக் கண்டாலும் கண்டதைச் சொல்லுற பிள்ளையாம்." அவர் சிரித்தாரா, மூக்கை உறிஞ்சினாரா தெரியவில்லை. "படியில பிடிச்சு ஏத்தவேணும், குளிசை குடுக்கவேணும், தேத்தண்ணி போடவேணும். நான் வேலையால வாறவரைக்கும். செய்வியளோ, இல்லாட்டில் இதையும் விட்டிட்டு நடந்திடுவியளோ?"

"வாறன்" என்றேன்.

பஸ்ஸில் போனேன். கதவைத் தள்ளியதும் திறந்தது. அம்மா ஜன்னலோரம், நேற்று இருந்த அதே இடத்தில் இருந்தார். என் காலடியைக் கேட்டு முதலில் நிமிர்ந்தார்; இரண்டு காலும் ஒரே மாதிரி விழுவதைக் கேட்டதும் திரும்பவும் சாய்ந்துகொண்டார்.

"வந்திட்டீரோ தம்பி? தேத்தண்ணி பிறகு போடலாம். அந்தக் கதிரையை இஞ்சாலை இழுத்துப் போடும். ரோட்டின்ரை அந்தப் பக்கம் எனக்கு இப்ப வடிவாத் தெரியுதில்லை. நீர் அதைப் பாரும், நான் இதைப் பாக்கிறன்."

கோட்டைக் கழற்றாமலே கதிரையை இழுத்துப் போட்டு, அவர் காட்டிய பக்கம் பார்த்தபடி உட்கார்ந்தேன்.